துளியை இனி யார் பார்த்துக்கொள்வது

பிப்ரவரி 9

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நீயாக எழுதிச் சொல்வதில்லை என்பதால் நானாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சேதி இதுதான். நம் ப்ரோக்ராம் துளிக்கு ரிவியூ வந்துவிட்டது! நாம் அதை அந்த சாஃப்ட்வேர் பத்திரிகைக்கு அனுப்பினோம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இன்று காலை ரத்த வங்கியில் ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருந்தேன், போனில் மணி அடித்தது. எடிட்டர் எழுதியிருக்கிறார். "உங்கள் பேக்கேஜை இரண்டு பேர் பரிசோதித்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதற்கெல்லாம் ஆசிரியர்கள் இருவரும் சேர்ந்து பதில் தரவேண்டும்." இருவரும் சேர்ந்து என்ற இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மேலே படித்தேன்.

உனக்கும் அதே மெயில் வந்திருக்கும். நீ திறந்திருக்க மாட்டாய். அதனால் சொல்கிறேன், கேள்.

முதல் ரிவியூவர் நல்ல மனிதர். "மிகவும் பயனுள்ள வேலை" என்றுதான் ஆரம்பிக்கிறார். அப்புறம், அவருடைய கம்ப்யூட்டரில் இன்ஸ்டாலே ஆகவில்லை என்கிறார். இன்ஸ்டால் ஆகாத ஒன்றைப் பயனுள்ளது என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும் பார்த்துக்கொள். இரண்டாவது ஆள் வாத்தியார் ரகம். நம்பர் போட்டு ஏழு கேள்வி. மூன்றாவதை மட்டும் திரும்ப முதலிலிருந்து படித்தேன். ஆபரேஷனுக்கு எடுத்துப்போய், தேவைப்படாமல் திரும்பி வருகிற ரத்தப் பாக்கெட்டை துளி இரண்டு தடவை எண்ணுகிறதாம். இருப்பதைவிட அதிகமாக இருப்பதாகக் காட்டுகிறதாம். அது மட்டும் உண்மையென்றால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்திருந்தார். நான் உற்சாகத்தில் அவரிடமே சொல்லிவிட்டேன். "எந்த குரூப் ரத்தம் கையில எத்தனை இருக்கு, நாளைக்கு எத்தனை வேணும்னு சொல்ற ப்ரோக்ராம்மா. நானும் அவரும் சேர்ந்து எழுதினது. அதிகமா வாங்கி வெச்சா கெட்டுப்போகும், கம்மியா வெச்சா ஆள் போயிடும்." அவர் கேட்டார், "எவ்வளவுக்கு விக்கறீங்க?" "விக்கலம்மா. ஓப்பன் சோர்ஸ். யார் வேணா எடுத்துக்கலாம், திருத்திக்கலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "அதுசரி, சார் வெளியூர்ல போய் சம்பாதிக்கிறாரு, நீங்க இங்கே தர்மம் பண்றீங்க." சிரித்துவிட்டேன். நீ இருந்திருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்போம்.

பதில் சொல்ல ஏப்ரல் நடுவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். செய்யலாமா? செய்யலாம் என்று மட்டும் எழுது, போதும்.

பாத்ரூம் குழாயை மாற்றியாயிற்று. உன் உயரத்துக்கு வைத்திருந்த கண்ணாடியை இன்னும் இறக்கவில்லை. எனக்கு அதில் நெற்றி மட்டும்தான் தெரிகிறது.

அன்புடன்,
கொசு


பிப்ரவரி 12

அன்புள்ள கொசு,

மெயிலைத் திறந்தேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே திறந்துவிட்டேன், நம்பு. உனக்கு எழுதத்தான் தைரியம் வரவில்லை.

செய்யலாம்.

வேலையைப் பிரித்துக்கொள்வோம். இன்ஸ்டால் ஆகாதது, உதாரணங்கள் ஓடாதது எல்லாம் என் பாவம், என்னிடம் விடு. விளக்கக் குறிப்பில் உள்ள எழுத்துப்பிழை எல்லாம் உன்னுடையது. ("பாக்கெட்" என்பதை நாலு விதமாக எழுதியிருக்கிறாய். முதல் ரிவியூவர் நாலையும் கண்டுபிடித்திருக்கிறார்.) வாத்தியாருடைய ஏழில் முதல் இரண்டு சுலபம். நாலு, ஐந்து, ஆறுக்கு உன் ஆஸ்பத்திரி டேட்டா வேண்டும்.

மூன்றாவது உண்மை. நேற்று பரிசோதித்துப் பார்த்தேன். வெளியே போன பாக்கெட் திரும்பி வந்தால் புதிதாக வந்த பாக்கெட் என்று எண்ணிக்கொள்கிறது. பழையதையும் கழிக்கவில்லை. யாரோ முகம் தெரியாத ஆள் நாம் எழுதிய ப்ரோக்ராமை நம்மைவிடக் கவனமாகப் படித்திருக்கிறார். கோபப்படலாமா, கும்பிடலாமா என்று தெரியவில்லை.

போன் வேண்டாம், இப்படி எழுதிக்கொள்வோம். போனில் பேசினால் கொஞ்ச நேரத்தில் உனக்கோ எனக்கோ குரல் ஏறிவிடுகிறது. எழுத்தில் இருவருமே மரியாதைக்காரர்கள்.

இங்கே நான் வீடு மாறிவிட்டேன். ஒரே அறைதான். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்தும் இடம். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுக்கிறார்கள், அலாரம் வைக்கத் தேவையில்லை. சமையல் ஏதோ நடக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கண்ணாடியை இறக்கிக்கொள். அதற்கு இரண்டே ஆணிதான்.

அன்புடன்,
ஒட்டகம்


பிப்ரவரி 22

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

மூன்றாவதை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் திருத்து. மற்றதெல்லாம் அப்புறம்.

நேற்று மதியம் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், துளியை முதன்முதலில் நம்மிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள். அங்கே ரத்த வங்கியைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் அம்மா, நீகூட அவர் பேசுவதை ரேடியோ என்பாயே, அவர்தான். நேற்று ரேடியோ பேசவில்லை. மூச்சு மட்டும் வந்தது. பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை, ஓ நெகட்டிவ். துளி நாலு பாக்கெட் என்றதாம், ஃப்ரிட்ஜைத் திறந்தால் இரண்டு.

இங்கிருந்து அனுப்பினோம். நானே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஆம்புலன்ஸ் திரும்பி நிற்பதற்குள் கதவைத் திறந்து உள்ளே வைத்தேன். அது போன பிறகும் உள்ளே போகாமல் அங்கேயே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செக்யூரிட்டி வந்து, "தலை சுத்துதா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன்.

அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். சாயங்காலம் போன் பண்ணிச் சொன்னார்கள். ஆனால் அந்தம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "மேடம், முந்தின நாள் அஞ்சு இருக்குன்னு காட்டினதை நம்பித்தானே மேடம், வேற ஆஸ்பத்திரி கேட்டப்போ ஒண்ணு குடுத்து அனுப்பினேன்?" திருத்தி அனுப்புகிறோம், அதுவரை ஃப்ரிட்ஜைத் திறந்து எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். "சீக்கிரம் மேடம். நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்கங்கற தைரியத்துலதான் நான் இதை வெச்சிருக்கேன்" என்றார்.

துளியை ஆரம்பித்தபோது நாம் இதையெல்லாம் யோசித்தோமா? ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலில் பாயைப் போட்டு எதிரெதிராகப் படுத்துக்கொண்டு, ஒரே லேப்டாப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி எழுதினோம். எனக்கு அது விளையாட்டு மாதிரிதான் இருந்தது. யாரோ இதை நம்பி ஒரு பாக்கெட்டைக் கொடுத்து அனுப்புவார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பதில் உடனே எழுது.

கொசு


பிப்ரவரி 25

கொசு,

திருத்திவிட்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பொய்யில்லை, உடம்பு சரியாகத்தான் இல்லை.

இப்போது ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரே தடவைதான் எண்ணப்படும், எங்கே போய்விட்டு வந்தாலும் சரி. உன் டேட்டாவை வைத்து ஓட்டிப் பார்த்தேன், ஃப்ரிட்ஜில் இருந்ததும் கணக்கும் ஒத்துப்போகிறது. அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு நானே அனுப்பிவிட்டேன். அந்தம்மா, "சார், எப்படி இருக்கீங்க? மேடம் நல்லா இருக்காங்களா?" என்று பதில் போட்டிருக்கிறார். நாம் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு என்னிடமே உன்னை விசாரிக்கிறார்! "நல்லா இருக்காங்க" என்று எழுதினேன்.

நீ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய் என்று படித்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. சாப்பிடாமல் ஓடியிருப்பாய். டிராயரில் பிஸ்கட்டாவது வைத்துக்கொள்.

வாத்தியாருக்கும் தெரிவித்துவிட்டேன். இன்டர்நெட்டில் எல்லாரும் பார்க்கிற பக்கத்தில்தானே ரிவியூ நடக்கிறது, அங்கேயே எழுதினேன். "சுட்டிக்காட்டியதற்கு நன்றி" என்று. இந்தத் தடவை மனசார.

ஏழாவது கேள்வியைப் பார்த்தாயா? அதை இப்போதைக்குத் தொடாதே. கடைசியில் பார்ப்போம்.

ஒட்டகம்


மார்ச் 8

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நீ தொடாதே என்றால் நான் தொடுவேன் என்று உனக்குத் தெரியாதா?

முதலில் மற்ற சேதி. வாத்தியார் பதில் போட்டிருக்கிறார். மூன்றாவது சரியாகிவிட்டது, நன்றி என்கிறார். ஆனால் அதே மூச்சில் இன்னொன்றைப் பிடித்துவிட்டார். குழந்தைகளுக்காக ஒரு பெரிய பாக்கெட்டைச் சின்னச் சின்னப் பைகளாகப் பிரிப்போம் இல்லையா? முன்பு அது எப்படியோ சரியாக வந்துகொண்டிருந்தது. இப்போது பாக்கெட்டை ஒரே தடவை எண்ணச் சொல்லிவிட்டதால், ஒரு சின்னப் பை போனதுமே முழுப் பாக்கெட்டும் போய்விட்டதாக துளி நினைத்துக்கொள்கிறது. அவர் சொன்னது சரிதான், நானும் பார்த்துவிட்டேன். பயப்படாதே, இது இல்லாததை இருப்பதாகக் காட்டுகிற தப்பு இல்லை, அதனால் யாருக்கும் உயிராபத்து கிடையாது. ஆனால் வீணாகும். இருக்கிற பை இருப்பதே தெரியாமல் காலாவதியாகும்.

இனி ஏழாவது. அவர் கேட்டிருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "கடந்த ஒரு வருடத்தில் இந்த பேக்கேஜில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரிகள் நம்பிப் பயன்படுத்துகிற ஒன்றைப் பாதியில் விட்டுவிட முடியாது. இதை இனி யார் பார்த்துக்கொள்வார்கள்?"

நான் எழுதி வைத்திருக்கும் பதில்: "நாங்கள் இருவரும். சில காலம் வெவ்வேறு ஊர்களில் இருந்ததால் வேலை தடைப்பட்டது. விரைவில் ஒரே ஊரில் இருப்போம்."

அவசரப்பட்டு நெற்றியைச் சுருக்காதே. முழுசாகப் படி. உன் ஊரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. மாற்றலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பொங்கிவரும் பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். ஆர்டர் வந்த பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

எனக்குத் தெரியும். நீ போகும்போது மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றேன். அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் என்றேன். புது ஃப்ரிட்ஜ் வரட்டும் என்றேன். புதிதாகச் சேர்ந்த பெண் வேலை கற்றுக்கொள்ளட்டும் என்றேன். நீ ஒவ்வொரு தடவையும் சரி என்றாய். இந்தத் தடவை ஒன்றும் முடியவேண்டியதில்லை. எதுவும் வரவேண்டியதில்லை. நான்தான் வரவேண்டும்.

அதற்கு முன்னால் அடுத்த வாரம் லீவு போட்டு வரட்டுமா? குழந்தைப் பை விஷயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்தால் சீக்கிரம் முடித்துவிடலாம். அறை சின்னது என்றால் என்ன, நான் கொசுதானே.

பதிலுக்குக் காத்திருக்கிறேன். வாத்தியாரும்தான்.

என்றும் உன்,
கொசு


மார்ச் 11

கொசு,

அடுத்த வாரம் வராதே. ஆபீசில் நெருக்கடி. அறையும் இரண்டு பேர் தங்குகிற மாதிரி இல்லை.

குழந்தைப் பையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லேசில் முடிகிற மாதிரி தெரியவில்லை.

ஏழாவதுக்கு நீ எழுதியதை அனுப்பிவிடாதே. நான் எழுதுகிறேன்.

ஒட்டகம்


மார்ச் 19

ஒட்டகத்துக்கு,

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். "நான் எழுதுகிறேன்" என்றவன் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நேற்று உன் தங்கையைப் பார்த்தேன். அவள் மாமியாருக்கு ஏதோ டெஸ்ட் எடுக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். எப்போதும், "அண்ணி!" என்று வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே கத்துகிறவள், நேற்று என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஆளே இல்லை, எனக்குத் தெரியாதா? நானே போய், "என்னடி, கோபமா?" என்றேன். "இல்ல அண்ணி" என்றாள். அப்புறம் கண்ணில் தண்ணீர். "அண்ணன் உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?" என்றாள். என்ன சொல்லலை என்று கேட்டேன். "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல அண்ணி, அண்ணனையே கேளுங்க" என்று மாமியாரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன், லிஃப்ட் வர நேரமானது. நானும் அவளும் லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றோம். மாமியார்தான் பாவம், "இந்தப் பொண்ணு யாரு, உன் அண்ணி மாதிரியே இருக்கு" என்றார்.

அதனால் கேட்கிறேன். என்ன அது? வேறு யாராவதா? இருந்தால் சொல்லிவிடு. நான் கத்த மாட்டேன். எழுத்தில் கத்தவும் முடியாது, நீயே சொல்லியிருக்கிறாய்.

இந்த ஒன்றரை மாதமாக உன் கடிதம் வந்தாலே வீட்டுக்கு யாரோ வந்த மாதிரி இருந்தது. டிராயரில் பிஸ்கட் வைத்துக்கொள் என்று எழுதினாயே, அன்று ஆஸ்பத்திரி கடைக்குப் போய் வாங்கி வைத்தேன், குழந்தை மாதிரி. நீ திருத்தி அனுப்பிய ஒவ்வொன்றையும், திரும்பி வருகிற காலடி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தப்பா?

பதில் சொல். ரிவியூவருக்கு அப்புறம் சொல்லலாம், முதலில் எனக்கு.

கொசு


மார்ச் 24

அன்புள்ள கொசு,

வேறு யாரும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாராவது இருந்திருந்தால் உனக்குத் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். யாருமே இல்லை. அதுதான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

இந்த ஊருக்கு வந்ததும் இரண்டு பெட்ரூம் வீடு பிடித்தேன், உனக்கே தெரியும். உன் வேலைக்குத் தோதாக ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே பார்த்தேன். எனக்கு ஆபீஸ் தூரம், பரவாயில்லை என்று இருந்தேன். நீ வருகிறேன் என்று சொன்ன முதல் தடவை ஜன்னலுக்குத் திரை வாங்கினேன். இரண்டாவது தடவை உனக்கு மேஜை. அப்புறம் நீ வருகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் "சரி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டு, அவ்வளவுதான், தூங்கப் போய்விடுவேன். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், நீயும் போட்டிருப்பாய், ஏதாவது ஆகியிருக்கும். ஒரு நாள் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, யாரும் இல்லை என்பது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன். அந்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த அறைக்கு வந்தேன்.

பிரிந்துவிடலாம் என்று எங்கள் வீட்டில் சொன்னேன். தங்கை அழுதாள். அம்மா உன் பக்கம்தான் பேசினாள். உனக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் ரிவியூ வந்தது. சரி, துளியை ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பாதியில் எதையும் உன் தலையில் போட்டுவிட்டுப் போகக்கூடாது என்று. நீ அதைத் திரும்பி வருகிற காலடி என்று நினைத்தாய். நான் கிளம்புவதற்காகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இதையும் சொல்லாமல் விட்டால் நீ அந்த மாற்றல் ஆர்டரோடு இங்கே வந்து இறங்கிவிடுவாய்.

வராதே. நீ இப்போது உண்மையாகவே வருவாய் என்று எனக்குத் தெரிகிறது. என்னிடம்தான் திறந்துவிட ஒரு கதவு இல்லை.

குழந்தைப் பை விஷயம். என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். ஒட்டுப்போட்டால் நிற்காது. பாக்கெட் என்றால் என்ன என்பதையே அடியிலிருந்து மாற்றி எழுதவேண்டும். ஒரு வருஷ வேலை, அதுவும் ரத்தம் தெரிந்த ஒருவரும் கோடிங் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. தனியாக எடுத்துச் செய்யலாமா என்றும் யோசித்தேன். துளியைத் திறந்தால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் உன் பெயரோ என் பெயரோ இருக்கிறது. அந்த ஹாலும் அந்தப் பாயும்தான் ஞாபகம் வருகிறது. என்னால் முடியாது.

ஏழாவதுக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. நீ என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். என் பெயரை எடுத்துவிடுவதானாலும் சம்மதம்.

வக்கீலிடமிருந்து பேப்பர் வரும். பயமுறுத்துகிற மாதிரி எழுதியிருப்பார்கள், எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார்களாம். உனக்கு எது வேண்டாமோ அடித்துவிடு.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் நீ மன்னித்துவிடுவாய். அதனால் எழுதவில்லை.

ஒட்டகம்


ஏப்ரல் 21

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் எல்லாம் திட்டாக வந்தது. திட்டு தீர்ந்ததும் கெஞ்சலாக வந்தது. இரண்டையும் உனக்கு அனுப்பவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ரிவியூவர்களுக்குப் பதில் எழுதிவிட்டேன். முதல் ஆளுக்கு எல்லாவற்றுக்கும் "நன்றி, திருத்திவிட்டோம்." பாக்கெட்டை இப்போது ஒரே மாதிரி எழுதியிருக்கிறேன், போய்ப் பார். வாத்தியாருக்கு ஆறாவது வரைக்கும் "நாங்கள்" என்றே எழுதினேன். குழந்தைப் பையை எங்களால் சரிசெய்ய முடியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஏழாவதில் "நான்" என்று ஆரம்பித்தேன். "இதை இனிப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எனக்குக் கோடிங் அவ்வளவு தெரியாது. அதனால் பேக்கேஜை ரிவியூவிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

எடிட்டர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். வாத்தியாரும் எழுதினார், முதல் தடவையாக நம்பர் போடாமல். "அது நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். உங்களைப் புண்படுத்தக் கேட்கவில்லை" என்று. எனக்குத் தெரியும் என்று பதில் போட்டேன். வேறு யாராவது எடுத்து நடத்துகிறீர்களா என்று அந்தப் பக்கத்திலேயே கேட்டும் வைத்தேன். படித்தவர்கள் எல்லாம் நல்ல வேலை, நல்ல வேலை என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். எடுக்க ஒருவரும் வரவில்லை.

சின்ன ஆஸ்பத்திரிக்கு நேரிலேயே போனேன். போனில் சொல்ல மனசு வரவில்லை. டெக்னீஷியன் அம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்ப சார் இனிமே பாக்கமாட்டாரா?" என்றார். மாட்டார் என்றேன். சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, குரூப்புக்கு ஒரு கட்டம் போட்டு, மார்க்கரால் எழுதி வைத்துக்கொள்ளப் போகிறாராம். "பரவால்ல மேடம், முன்னாடி அப்படித்தானே ஓட்டினோம்" என்றார். நானும் கூடவே நின்று கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் அங்கே ஒரு தட்டு நிறைய காலாவதியான பிளேட்லெட் பைகளைக் கொட்டினார்களாம். இருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லையாம்.

மாற்றல் ஆர்டர் வந்தது. எட்டாம் தேதி, நான் எதிர்பார்க்காத நேரத்தில், ஒரு சாதாரண காகிதமாக. கண்காணிப்பாளரிடம் போய் வேண்டாம் என்றேன். "நீங்களே கேட்டு வாங்கிட்டு நீங்களே வேண்டாங்கறீங்களே" என்றார். "ஆமா சார்" என்றேன். காரணம் என்று ஓர் இடத்தில் எழுதவேண்டியிருந்தது. "சொந்தக் காரணம்" என்று எழுதினேன். போதும் என்றார்.

நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் உன்னைக் காக்கவைத்தேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? திரை வாங்கினேன் என்று நீ அப்போது சொல்லவே இல்லை. மேஜை வாங்கினேன் என்று சொல்லவில்லை. நீ "சரி" என்று சொன்னபோதெல்லாம் நான் சரி என்றுதான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. இதை உன்மேல் பழி போட எழுதவில்லை. இனிமேல் எதற்கு?

வக்கீல் பேப்பர் வந்தது. நீ சொன்ன மாதிரியே பயமுறுத்தியிருந்தார்கள். நான் எதையும் அடிக்கவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்றிருந்தது. யாரைக் கேட்பது? வீட்டுக்காரம்மாவையே கேட்டேன். கீழே ஹாலில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பேனாவை வாங்கி மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "கோணலாப் போச்சேம்மா, செல்லுமா?" என்றார். "செல்லும்மா" என்றேன். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. அவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

துளியை நேற்று மூடிவிட்டேன். படிக்க நினைக்கிறவர்கள் படிக்கலாம், யாரும் எதையும் மாற்ற முடியாது. உன் பெயரை எடுக்கவில்லை. எப்படி எடுப்பது? உன் வரி எது, என் வரி எது என்று பிரித்துப் பார்த்தால் எதுவுமே ஓடாது.

உன் புத்தகங்களையும் குளிருக்குப் போடுகிற அந்தக் கறுப்புச் சட்டையையும் உன் தங்கை வீட்டில் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை அவள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சமையல் "ஏதோ நடக்கிறது" என்று எழுதியிருந்தாய், அது உன் பாஷையில் நடக்கவில்லை என்று அர்த்தம். ஒழுங்காகச் சாப்பிடு.

இதற்குப் பதில் எழுதாதே. நல்ல விதமாக நாலு வரி எழுதுவாய், எனக்குத் தெரியும். எழுதினால் நான் மறுபடியும் காத்திருக்க ஆரம்பித்துவிடுவேன்.

கொசு